நூறு மைல் மலைப்பாதையும் அமெச்சூர் ஓட்டுநரின் உடல்நலமும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் லெட்வில் என்னும் பழைய சுரங்க நகரம் அமைந்துள்ளது. 1980களின் தொடக்கத்தில் அருகிலிருந்த கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். வெளியூரார் வந்து தங்கிச் செல்லும்படி ஏதேனும் செய்ய வேண்டும் என்ற நோக்கில் முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் குளோபரும் பிறரும் 1983இல் நூறு மைல் ஓட்டப்போட்டி ஒன்றைத் தொடங்கினர்; அதன் வழியில் 1994இல் மலைமிதிவண்டிப் போட்டியும் உருவாயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறும் இப்போட்டியின் பாதை ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்திலுள்ள கொலம்பைன் சுரங்கப் பகுதிவரை சென்று, பெரும்பாலும் அதே வழியாகத் திரும்புகிறது. ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 3,000 மீட்டரைத் தாண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு இடைவார்க் கொக்கி ஒன்று பரிசாக வழங்கப்படுகிறது.

அண்மை ஆண்டுகளில் முதலிடம் பெறுபவர்கள் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றனர். வேறு தொழில் செய்துகொண்டே ஆர்வத்தால் பங்கேற்கும் அமெச்சூர் ஓட்டுநர்களோ பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை அதே பாதையில் உழைக்கின்றனர். மெதுவாக ஓட்டுவதால் தமக்கு ஆபத்து குறைவு என்று அவர்களில் பலர் நம்புவது இயல்பே ஆயினும், உணவு, நீர், குளிர், நரம்பழுத்தம் ஆகிய எல்லாவற்றிலும் நெடுநேரம் பாதையில் இருப்பவரே கூடுதல் சுமையைத் தாங்குகிறார் என்பதை இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

பயிற்சிக்கு முந்தைய பரிசோதனை

முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் கடும் உடற்பயிற்சியின்போது நேரும் திடீர் மரணங்களுக்கு இதயத் தமனி அடைப்பே முதன்மைக் காரணமாக உள்ளது. இளையவர்களிடம் இதயத்தசைத் தடிப்பு போன்ற பிறவிக் குறைபாடுகள் முன்னிற்கின்றன. ஆகவே குடும்பத்தில் இளவயது இதய மரணம் நேர்ந்தவர்களும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களும், ஏறும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவர்களும், பயிற்சித் திட்டம் வகுப்பதற்கு முன்பே மருத்துவரை அணுகி ஈ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனைகளைச் செய்துகொள்வது இன்றியமையாதது.

உயரம் உடலில் நிகழ்த்தும் மாற்றங்கள்

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆனால் உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. லெட்வில்லில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடாகவும், கொலம்பைன் உச்சியில் 65 விழுக்காட்டுக்கும் கீழாகவும் உள்ளது. உடல் ஒரு நிமிடத்தில் அதிக அளவாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதைக் குறிக்கும் உச்ச ஆக்சிஜன் ஏற்புத்திறன் இதனால் எத்தகைய வீரருக்கும் தெளிவாகக் குறைகிறது. சமவெளியில் பயின்ற வேகத்தை அங்கே அப்படியே பின்பற்ற முயல்பவர் முதல் ஏற்றத்திலேயே தம் ஆற்றலைச் செலவழித்துவிடுவார். ஏற்றங்களில் சிறு வாக்கியமொன்றைத் தடையின்றிப் பேச முடிகிற வேகமே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான அளவுகோலாகும்.

உடல் உயரத்துக்குப் பழகுவது படிப்படியாக நிகழ்வது. முதல் சில நாட்களில் மூச்சின் வேகமும் ஆழமும் கூடுகின்றன. அதனால் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாக வெளியேற, இரத்தத்தின் அமிலச் சமநிலையைச் சிறுநீரகங்கள் சரிசெய்கின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. சிவப்பணுக்கள் குறிப்பிடத்தக்க அளவில் பெருக வாரங்கள் ஆகும். மூன்று வார விடுப்பு பெரும்பாலான அமெச்சூர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதால், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் ஓரிரு இரவுகள் தங்கி, பின்னர் ஐந்தாறு நாட்களாவது லெட்வில்லில் கழித்து, அந்நாட்களில் இலேசாக மட்டுமே ஓட்டுவது நடைமுறைக்கு உகந்தது.

உயரத்தை அடைந்த சில மணி நேரத்துக்குப் பின் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை ஆகியன தோன்றுவது கடும் மலைநோய் எனப்படுகிறது. இந்நிலையில் போட்டியிடக் கூடாது. ஓய்விலும் மூச்சுத்திணறல் இருப்பதும் இருமலில் நுரை வருவதும் நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டலாம். நடை தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் மூளை வீக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இவ்விரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. அத்தகையவரை உடனே தாழ்வான இடத்துக்கு இறக்கிக் கொண்டுசெல்வதே முதன்மைச் சிகிச்சை. மலைநோயைத் தடுக்க மலையேற்றத்தினர் உட்கொள்ளும் அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் மருந்து என்ற வகையில், விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதையும் பங்கேற்போர் அறிந்திருக்க வேண்டும்.

உணவு

தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும் மாவுச்சத்து பொதுவாக 400 முதல் 500 கிராம் அளவே இருப்பதால், கடும் உழைப்பில் அது இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்காது. குளுக்கோஸை மட்டும் உண்டால் குடல் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் வரை உறிஞ்சும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறொரு வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டையும் சேர்த்து உண்பவர் 90 கிராம் வரை எட்டலாம். பதினொரு மணி நேரம் ஓட்டுபவருக்கு இவ்வளவையும் வயிறு ஏற்பதே பெரும் சோதனையாகும், ஏனெனில் உயரத்தில் பசி மந்தமாவதோடு, ஐந்தாறு மணி நேரத்துக்குப்பின் இனிப்பைக் கண்டாலே குமட்டல் எடுப்பதும் உண்டு. உப்பிட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, சூப் போன்றவற்றை இடையிடையே சேர்த்துக்கொள்வதும், போட்டியன்று உண்ணவிருப்பதையே பல மாதங்கள் நீண்ட பயிற்சிகளில் உண்டு குடலைப் பழக்குவதும் பயன் தரும். கால்களைப் பயிற்றுவிக்கச் செலவிடும் அக்கறையில் பாதியைக்கூட அமெச்சூர்கள் வயிற்றுக்குச் செலவிடுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

நீர் மிகுவதும் நோயே

நீரிழப்பைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கப்பட்டிருக்கின்றனர். நீர் மிகைப்பைப் பற்றிச் சிலரே அறிவர். வியர்வையில் இழந்ததைவிடக் கூடுதலாக நீர் பருகினால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய், லிட்டருக்கு 135 மில்லிமோல் என்ற அளவுக்குக் கீழே இறங்குகிறது. தொடக்கத்தில் உப்பசமும் தலைவலியும் வாந்தியும் தோன்றி, முற்றினால் மூளை வீங்கி வலிப்பும் உணர்விழப்பும் நேரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது தெரியவந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியிருந்ததும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும் இக்குறையோடு தொடர்புடையனவாக இருந்தன. மெதுவாகச் செல்பவர் குறைவாக வியர்ப்பதோடு, நீர் அருந்தவும் அவருக்கு நேரம் மிகுதி என்பதே இதற்கு விளக்கம். சோடியம் கலந்த பானங்களும் அளவுமீறிப் பருகினால் காப்பாற்ற மாட்டா. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக் கட்டாயமாகக் குடிப்பதை விடுத்து, தாகத்தை வழிகாட்டியாகக் கொள்வதே மருத்துவ வல்லுநர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கும் முறை.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது வலி மாத்திரைப் பழக்கம். உழைப்பின்போது இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுவதால் சிறுநீரகங்களுக்குச் செல்லும் ஓட்டம் குறைகிறது. புரோஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் அதைத் தாங்கிப்பிடிக்கிறது. இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அப்பொருளின் உற்பத்தியையே தடுப்பதால், முழங்கால் வலிக்காக விழுங்கும் இரண்டு மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். போட்டிக்கு முன்னும் போட்டியின்போதும் இவற்றைத் தவிர்ப்பதே நலம்.

கைகளும் இருக்கையும்

கைப்பிடியில் உள்ளங்கையை நெடுநேரம் ஊன்றுவதால், மணிக்கட்டின் சிறுவிரல் பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்பு அழுந்தி, மோதிர விரலும் சிறுவிரலும் மரத்துப்போகின்றன. விரல்களின் பிடி தளர்ந்தால் செங்குத்தான இறக்கங்களில் பிரேக்கைச் சரியாக அழுத்த இயலாது என்பதால் இது வெறும் அசௌகரியமன்று. இருக்கையின் அழுத்தத்தால் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவதும் இத்தகையதே. இருக்கையின் உயரம், சாய்வு, அகலம் ஆகியவற்றை உடலளவுக்கேற்பத் திருத்திக்கொள்வதும், அடிக்கடி எழுந்து நின்று ஓட்டுவதும் இரண்டுக்கும் தீர்வாகும்.

பிற்பகல் வானிலை

கோடைக்காலத்தில் ராக்கி மலைகளின் உச்சிகளில் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். முன்னணியினர் கொலம்பைனைக் காலையிலேயே கடந்துவிட, பின்னால் வருவோர் நண்பகலை ஒட்டியே மரங்களற்ற அவ்வுச்சியை அடைகின்றனர். மின்னலுக்கும் மழைக்கும் ஆளாகக்கூடியவர்கள் அவர்களே. வியர்வையில் நனைந்த உடலோடு வேகமாக இறங்கும்போது காற்று உடல்வெப்பத்தைப் பறித்துச்செல்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நடுக்கத்தோடு சிந்தனையும் மங்கும். மடித்து வைக்கக்கூடிய மழைச்சட்டையையும் முழுக் கையுறையையும் எடைக்கு அஞ்சி விட்டுச்செல்வது தவறு. விழுந்து தலையில் அடிபட்டவர், தலைக்கவசம் உடையாவிட்டாலும், குழப்பமோ மறதியோ பார்வை மங்கலோ தோன்றினால் போட்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; அம்முடிவை அவரிடம் விடாமல் உடன் வந்தவர்களே எடுப்பது சரி.

முடித்த பின்

இலக்கை எட்டியவர் அன்றிரவே நெடுந்தூரம் கார் ஓட்டிச் செல்லாமல் தங்கி உறங்க வேண்டும். தசைவலி சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் வெளியேறினாலும், ஒரே தசையில் தாங்கொணா வலியும் வீக்கமும் கண்டாலும், சிதைந்த தசைநார்களின் புரதம் சிறுநீரகங்களில் அடைபடும் நிலை ஏற்பட்டிருக்கக்கூடும் என்பதால், மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். விரல்களின் மரமரப்பு சில வாரங்களுக்குப் பின்னும் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, நரம்பின் கடத்துதிறன் மீளும்வரை மலைப்பாதைப் பயிற்சியை ஒத்திவைக்க வேண்டும்.