எர்ணாவூரில் ஒரு பர்மா

திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் செல்லும் வழியில், எர்ணாவூரை ஒட்டி இருக்கிறது பர்மா நகர். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைய இளைஞர்களுக்கு அத்தோ நினைவுக்கு வரும். பொருளியல் கற்பித்தவனாகிய எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பணத்தாள்.

1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நெ வின், 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார். அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. வங்கிப் பக்கமே போகாமல் பெட்டியில் சேமித்து வைத்திருந்த சிறு கடைக்காரரின் ஆயுட்கால உழைப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. பர்மியத் தமிழர் என்றதும் நாம் செட்டியார்களையே பேசுகிறோம். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு விளைநிலம் அவர்கள் வசம் இருந்தது உண்மைதான். ஆனால் 1964க்குப் பின் சென்னைக்குக் கப்பலேறியவர்களில் எண்ணற்றோர் கூலித் தொழிலாளரும் சில்லறை வியாபாரிகளுமே.

அரசு அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. பலர் பிறந்ததே பர்மாவில். முன்பின் பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்புவது? இங்கே வேர் பிடிக்காத சிலர் மணிப்பூர் வழியாக மீண்டும் பர்மாவுக்குள் நுழைய முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கும் ஒரு தமிழ்க் குடியிருப்பு உருவாயிற்று.

இங்கேயே தங்கியவர்கள் கடற்கரை ரயில் நிலையத்தருகே நடைபாதைக் கடைகள் போட்டார்கள்; அதுவே பர்மா பஜார். இவர்களின் மறுவாழ்வுக்கென மத்திய அரசு ரெப்கோ வங்கியைத் தொடங்கியது 1969இல்தான். கையில் முதல் இல்லாதவனுக்கு ஐந்தாண்டு எவ்வளவு நீளமானது என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கிடுவதில்லை.

குடியேறியோர்க்கு நிலம் ஒதுக்கும்போது அது மலிவா என்று பார்ப்பார்கள். நாளை அதன் அருகில் என்ன வரும் என்று பார்ப்பதில்லை. எண்ணூரில் 1970இல் அனல் மின்நிலையம் வந்தது, 2017இல் மூடப்பட்டது. மற்ற ஆலைகள் பெருகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் படிந்த கறுப்புக் கறையைத் தேய்த்துக் கழுவும் வேலை அங்கு வசிப்பவர்கள் தலையில்தான் விழுந்தது.