சட்டர், சட்டம்பி, ஸ்காலர்

படித்தவர்களைக் குறிக்கும் சொற்களுக்கு ஆயுள் குறைவு. திருவனந்தபுரத்தின் கடைத்தெரு ஒன்றின் பெயரே இதற்குச் சாட்சி.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் நடக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம். மிளகாய் மூட்டை, பித்தளை விளக்கு, பூ, எவர்சில்வர் என்று கிடைக்காத பொருள் குறைவு. பேச்சில் மலையாளமும் தமிழும் கலந்தே வரும். வெளியூர்த் தமிழர்கள் 'சாலை' என்றால் ரோடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது பாடசாலை, தர்மசாலையில் வரும் சாலை. பக்கத்து வலியசாலைப் பகுதியில் இருந்ததாக ஆய்வாளர்கள் பலர் கருதும் காந்தளூர்ச் சாலைதான் பெயரின் மூலம் என்பார்கள். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் இங்கே சந்தையை வளர்த்தபோது படிப்பு போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி இந்தச் சாலையில் அவன் 'கலமறுத்ததை'ப் பெருமையோடு சொல்கிறது. அழிக்கப்பட்டது கப்பலா, நிறுத்தப்பட்டது மாணவர்களின் சாப்பாடா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மோதிக்கொள்கிறார்கள். அங்கே எப்படிப்பட்டவர்கள் படித்தார்கள் என்பதற்கு நல்ல சான்று பக்கத்து ஊர்ச் செப்பேடு ஒன்று. காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ல், இன்றைய குமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை நிறுவினான். 95 மாணவர்களுக்கு இடம். அவர்களுக்குப் பெயர் 'சட்டர்'. சேருவதற்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று ராஜ்யங்களின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சபைக்கு ஆயுதத்துடன் வரக்கூடாது என்றும் விதி இருந்தது. இப்படியொரு விதி ஏன் தேவைப்பட்டது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு சட்டர் என்ற சொல் வழக்கொழிந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவனுக்குத் தமிழில் சட்டாம்பிள்ளை, மலையாளத்தில் சட்டம்பி என்று பெயர். இவற்றைப் பழைய சட்டரோடு இணைப்பவர்கள் உண்டு, ஒப்பாதவர்களும் உண்டு. அடுத்து நடந்ததில் மட்டும் தகராறு இல்லை: இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரவுடி. நகரின் கண்ணம்மூலையில் பிறந்த சட்டம்பி சுவாமிகளுக்கு (1853-1924) அந்தப் பெயர் வந்தது பேட்டை ராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் வகுப்புத் தலைவனாக இருந்ததால். கல்லிடைக்குறிச்சிக்காரரான ஒரு குருவிடம் வேதாந்தம் கற்ற மேதை அவர். பெயரை முதன்முதலாகக் கேட்கும் வெளியூர்க்காரர் திகைப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலம் இந்த விளையாட்டில் நம்மை மிஞ்சிவிட்டது. புத்திசாலியைப் பாராட்ட இன்று எல்லோரும் சொல்லும் 'ஸ்மார்ட்' ஒரு காலத்தில் சுரீரென்ற வலியைக் குறித்தது. 'பெடன்ட்' முதலில் வெறும் வாத்தியார். இப்போது கமாவுக்கும் புள்ளிக்கும் சண்டை பிடிப்பவர். 'கிளெவர்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் அவர் முகத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. 18-ம் நூற்றாண்டு லண்டனில் எலிசபெத் மாண்டேகு வீட்டு இலக்கியக் கூட்டங்களுக்கு நீலக் காலுறை அணிந்து வந்தவர் ஓர் ஆண். 'புளூஸ்டாக்கிங்' என்ற கேலிப் பெயரோ படித்த பெண்கள் தலையில் விழுந்தது. 1952-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற அட்லாய் ஸ்டீவன்சனும் அவரைச் சூழ்ந்த படிப்பாளிகளும் 'எக்ஹெட்', அதாவது முட்டைத் தலை ஆனார்கள். ஸ்டீவன்சன் தோற்றார்.

'இன்டெலெக்சுவல்' இன்னும் சுவாரஸ்யம். பிரான்ஸில் 1898-ல் டிரைஃபஸ் வழக்கில் எமிலி ஜோலா பக்கம் நின்ற எழுத்தாளர்களையும் பேராசிரியர்களையும் ஒரு தரப்பு பெருமையாகவும் மறுதரப்பு ஏளனமாகவும் அழைத்த சொல் அது. அந்த இரட்டை முகத்தோடுதான் அது தமிழில் அறிவுஜீவியாகவும் மலையாளத்தில் புத்திஜீவியாகவும் வந்து சேர்ந்தது. பதிலுக்கு நாம் அனுப்பியது 'பண்டிட்'. 1860-களில் திபெத்தை ரகசியமாக அளந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங்குக்குச் சர்வே இலாகா வைத்த பெயர் அது. இப்போது தேர்தல் இரவில் டி.வி.யில் ஆரூடம் சொல்பவர்களுக்குப் போய்விட்டது. நீதிமன்றத்தில் மட்டும் 'லேர்னட் ஃபிரெண்ட்' வாழ்கிறார், பெரும்பாலும் எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தை நொறுக்குவதற்கு முந்தைய நொடியில்.

இருந்தாலும் ஆங்கிலத்தில் ஒரு வசதி உண்டு. கல்லூரியில் படித்தவர் 'எஜுகேட்டட்', ஆழக் கற்றவர் 'லேர்னட்', நிறைய வாசித்தவர் 'வெல்-ரெட்'. மூன்றும் ஒருவரிடமே சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழில் 'படித்தவர்' என்ற ஒரே சொல் மூன்றுக்கும் ஓடியாடுகிறது. கல்யாண விளம்பரத்தில் அதற்குப் பட்டமும் சம்பளமும் என்று அர்த்தம். பட்டத்தின் மவுசு புதிதல்ல. 'மனோன்மணீயம்' நாடகத்தை 1891-ல் வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்தார், கல்வெட்டுகளிலிருந்து வேணாட்டு வரலாற்றைத் தோண்டி எடுத்தார். ஆனாலும் அவரைப் பற்றிய குறிப்புகள் 'திருவிதாங்கூரின் முதல் எம்.ஏ.' என்பதைச் சொல்ல மறப்பதில்லை.

பட்டம் இல்லாதவரை என்ன சொல்லி அழைப்பது? எழுத்தாளர் ஆ. மாதவன் (1934-2021) சாலையிலேயே கடை வைத்திருந்தவர். கல்லூரிக்குப் போகவில்லை. பள்ளியில் படித்தது மலையாளத்தில்; தமிழைத் தானே கற்றுக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்து பார்த்த சுமைகூலிகளும் கடைச் சிப்பந்திகளும் திருடர்களும் அவர் கதைகளில் நடமாடுகிறார்கள். 'கிருஷ்ணப் பருந்து' நாவல் இந்தத் தெருவின் வாழ்க்கைதான். மலையாளத்திலிருந்து நாவல்களை மொழிபெயர்த்தார். 2015-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது கதைக்கு அல்ல, 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. அதாவது அவர் வாசித்ததற்கு. ஆங்கிலத்தில் 'வெல்-ரெட்' என்று சொல்லி முடித்துவிடலாம். தமிழில் 'படிப்பாளி' என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை இப்போது பிளஸ் டூவில் நிறைய மார்க் வாங்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.