போட்டிக்கு முன் எனர்ஜி டிரிங்க்: நம் பிள்ளைகளுக்குத் தேவையா?

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என நம் பகுதியில் சிலம்பம், கராத்தே, குத்துச்சண்டை பழகும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். போட்டிக்கு முன் ஒரு எனர்ஜி டிரிங்க் குடித்தால் வேகம் கூடும் என்ற பேச்சும் அவர்களிடையே உண்டு. இது எவ்வளவு உண்மை?

ஓரளவு உண்மைதான். காரணம், அதிலுள்ள காஃபின். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, "களைத்துவிட்டாய்" என்று உணர்த்தும். காஃபின் அந்த உணர்வைத் தடுக்கிறது. களைப்பு நீங்குவதில்லை, தெரியாமல் போகிறது. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்காக கஹ்வா அருந்தியதும் விழித்திருக்கவே.

காஃபின் முன்பு விளையாட்டில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில், வாள்வீச்சும் அடங்கிய மாடர்ன் பென்டாத்லான் போட்டியில் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் வாட்சன் அளவு மீறிய காஃபினுக்காக நீக்கப்பட்டார். 2004இல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை அதைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தடை இல்லை என்பதற்காக அது பிள்ளைகளுக்கு நல்லது என்றாகிவிடாது.

ஆய்வுகளில் பலன் தந்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். ஜூடோ, டேக்வாண்டோ வீரர்களிடம் பார்த்ததில் பலன் சிறியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவும் இல்லை. அவர்களும் பெரும்பாலும் பெரியவர்கள். சிறுவர்களுக்கோ, நாள் முழுவதற்குமே கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 40 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 120 மில்லிகிராம். இந்திய விதிப்படி 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் 75 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். அதோடு இரண்டு கப் டீயும் குடித்தால் எல்லை தாண்டிவிடும். அந்த டப்பாவிலேயே "சிறுவர்களுக்கு ஏற்றதல்ல" என்ற எச்சரிக்கை இருக்கும், படித்துப் பாருங்கள்.

எடைப் பிரிவுக்காகச் சாப்பாடும் தண்ணீரும் குறைத்த பிள்ளை வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் படபடப்பு, கை நடுக்கம், வயிற்றுக் கலக்கம் வரலாம். எதிராளியின் அடியைக் கணிக்க வேண்டிய நேரத்தில் அதுவே பாதகம்.

இன்னொன்று, தூக்கம். குடித்த காஃபினில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அஸருக்குப் பின் பயிற்சிக்காகக் குடித்தது இரவு 10 மணிக்கும் உடலில் பாதி இருக்கும். தூக்கம் கெட்டால் சுபுஹும் சிரமம், மறுநாள் பயிற்சியும் சிரமம். ரமலானின் முதல் நோன்புகளில் பலருக்கு வரும் தலைவலிக்குக் காஃபின் திடீரென நிற்பதும் ஒரு காரணம். நோன்புக்கு ஒரு வாரம் முன்பே டீ, காபியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

எனவே பெற்றோர் பயிற்சியாளரிடம் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் இட்லியும் வாழைப்பழமும், போதிய தண்ணீர், முந்தைய இரவு நல்ல தூக்கம்: நம் பிள்ளைக்கு இவை போதும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். ஒரு பதக்கத்துக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம்.