ஒன்பதாவது வளைவில் போன தங்கம்

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக். ஆண்கள் லூஜ் போட்டியில் நான்கு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றியை முடிவு செய்வார்கள். மூன்று ஓட்டம் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக். 2010, 2014 இரண்டிலும் தங்கம் வென்றவர். கடைசி ஓட்டத்தில், ஒன்பதாவது வளைவை விட்டு வெளியே வரும்போது அவருடைய வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டது. விழவில்லை. ஆனாலும் ஐந்தாம் இடத்துக்குப் போய்விட்டார். தங்கம் ஆஸ்திரியாவின் டேவிட் கிளெய்ர்ஷருக்குக் கிடைத்தது.

பிளஸ் ஒன் வகுப்பில் உராய்வு நடத்தும்போது இந்த ஓட்டத்தைத்தான் சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு, பனிப்பாதையில் மல்லாந்து படுத்துக் கால் முன்னே போக வழுக்கிக்கொண்டு வருவது போலத்தான் தெரியும். உண்மையில் அது நுணுக்கமான வேலை. வண்டியின் அடியில் இரண்டு எஃகுத் தகடுகள், அவற்றைத் தாங்கும் இரண்டு சட்டங்கள். சட்டங்களின் முன்முனை மேல்நோக்கி வளைந்து, வீரரின் கெண்டைக்காலை ஒட்டி நிற்கும். வலது காலால் உள்பக்கம் அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். தோளும் கூடவே அழுத்தம் கொடுக்கும். பிரேக் கிடையாது.

மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 36 மீட்டர். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக அழுத்தினாலே மூன்றரை மீட்டர் கடந்திருக்கும். வளைவுக்குள் தாமதமாக நுழைந்த வண்டி, வெளியேற வேண்டிய இடத்தில் இன்னும் சுவரில் உயரத்திலேயே இருக்கும். பதறிப்போய் பலமாக அழுத்தினால் தகடு பனியைக் குறுக்கே சுரண்டும். வேகத்தை அதிகமாகத் தின்பது முதல் பிழையை விட அதைத் திருத்தப்போகும் இந்தப் பதற்றம்தான். தொடக்கத்தில் கையால் உந்திய பிறகு தள்ளிவிடப் புவியீர்ப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. பாதி வழியில் இழந்த வேகத்தின் குறை கடைசிக் கோடு வரை கூடவே வரும். 1998 நகானோவில் பெண்கள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே, நான்கு ஓட்டங்களையும் சேர்த்து, இருந்த இடைவெளி 0.002 நொடி!

பிழை செய்தால் பதக்கம் போகும். அது நியாயம். உயிர் போகலாமா?

2014 சோச்சியில் பயிற்சியின்போது நம் நாட்டு லூஜ் வீரர் சிவ கேசவன் வண்டியை விட்டுச் சரிந்தார். பாதைக்குள்ளேயே வழுக்கியபடி மறுபடி ஏறிப் படுத்து ஓட்டத்தைத் தொடர்ந்தார். 2010 விஸ்லரில் ஜார்ஜியாவின் நோடார் குமாரிடாஷ்விலிக்கு அது வாய்க்கவில்லை. பிப்ரவரி 12, தொடக்க விழா நாள். பயிற்சி ஓட்டத்தில் 15-ஆவது வளைவிலிருந்து தாமதமாக வெளிவந்தார். 16-ஆவதில் கட்டுப்பாடு போனது. மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வேகம். சுவரைத் தாண்டித் தூக்கி எறியப்பட்டு, உறை எதுவும் சுற்றாத எஃகுத் தூணில் மோதி இறந்தார். வயது 21.

அவர் பிழையைச் சரியாகத் திருத்தவில்லை என்றது சர்வதேச லூஜ் சம்மேளனம். இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் சுவரை உயர்த்தினார்கள், தொடக்க இடத்தைக் கீழே இறக்கினார்கள், போட்டியும் நடந்தது. பின்னர் வந்த சோச்சிப் பாதையில் வேகத்தை அடக்க ஏற்றங்களையே அமைத்தார்கள். இதெல்லாம் முன்பே செய்யக்கூடியவைதான். ஓட்டுகிறவர் தவறுவார் என்று எண்ணித்தான் சுவரைக் கட்ட வேண்டும். விஸ்லரில் அப்படிக் கட்டவில்லை.