காசாளர் இல்லாத கடை

தாமிரபரணிக் கரையிலுள்ள நம் ஊர்ச் சந்தைகளில் சில்லறைக் காசோடு எவரும் நுழையலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2018 சனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'அமேசான் கோ' கடையிலோ, வாசலில் கைப்பேசியைக் காட்டிய பின்னரே வழி திறந்தது. காமிராக்களும் அலமாரிகளில் பொருத்திய எடையறி கருவிகளும் எடுத்த பொருள்களைக் கணக்கிட்டன. வெளியேறியதும் அதற்குரிய தொகை தானாகவே கழிக்கப்பட்டது. காசாளரும் இல்லை, காத்திருக்கும் வரிசையும் இல்லை.

வசதிதான்! ஆயினும், கடை வாசலும் வங்கிக் கணக்கும் ஒன்றாய் இணைந்தபோது, கணக்கில்லாத ஏழை வெளியிலேயே நின்றார். இதனையுணர்ந்த பிலடெல்பியா நகரம், பெரும்பாலான கடைகள் ரொக்கத்தையும் ஏற்க வேண்டுமென 2019இல் சட்டமியற்றியது.

நாளை நெல்லையில் இத்தகைய கடை எழுமாயின், கைப்பேசியில்லாத பாட்டிக்கும் அங்கே வழியுண்டா என்பதையே நாம் முதலில் கேட்போம்.