நாடாவில் மிஞ்சிய தவில்

இருபதாம் நூற்றாண்டு இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இசைத்தட்டையும் சினிமாவையும் வைத்துத்தான் எழுதுகிறார்கள். நானும் கனகாலம் அப்படித்தான் எழுதினேன். யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கணக்கு சரிவராது. இங்கே அந்த நூற்றாண்டின் உச்சமான இசை கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்தது. பதிவானது மிகக் கொஞ்சம்.

யாரைச் சொல்வீர்கள் என்று கேட்டால், தவில் வித்துவான் வி. தெட்சணாமூர்த்தியைத்தான் (1933-1975) முதலில் சொல்வேன். இணுவிலில் பிறந்தவர், அளவெட்டியில் வாழ்ந்தவர். தந்தையார் விஸ்வலிங்கமும் தவில் வித்துவான். தமிழகத்தில் நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடம் பயின்று, அங்குள்ள முன்னணி நாதஸ்வரக்காரர்களுக்கும் வாசித்தார்.

அவரை நான் நேரில் கேட்டதில்லை. என் தீர்ப்பு முழுவதும் கசற்றுகளை நம்பியது. ஒலிவாங்கி தவிலுக்கு மிகக் கிட்ட இருந்ததால் பலவற்றில் நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்கும். ஆனாலும் ஒன்று தெளிவு. எவ்வளவு வேகத்திலும் அவருடைய சொற்கள் ஒன்றோடொன்று கலங்குவதில்லை. வலக்கை விரற்கூடுகளின் கணீரென்ற அடியும் இடக்கைக் கம்பின் கனத்த அடியும் இரண்டு பேர் பேசுவதுபோல் தனித்தனியாகக் கேட்கும். தவில் என்றால் வெறும் சத்தம் என்று முகம் சுழிக்கும் சபா ரசிகர்கள், அவர் சட்டென்று நிறுத்தும் இடங்களைக் கேட்கவேண்டும்.

பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ராஜரத்தினம்பிள்ளையின் தோடி அதற்குள்ளும் பிரகாசித்தது, ராகத்தைச் சுருக்கலாம். திருவிழாத் தனியைச் சுருக்க முடியாது. அது மெல்ல மெல்ல ஏறுவதிலேயே உயிர் வைத்திருப்பது. ஆகவே மிஞ்சியவை ரசிகர்கள் தாமாகப் பதிந்த நாடாக்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளில் எத்தனை கைவிடப்பட்டனவோ! எங்கள் வீட்டுப் பெட்டியும் போனது.

அம்ஷன்குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. அதற்குப் பிறகாவது இங்கே ஒரு முறையான ஒலிக்காப்பகம் பற்றிப் பேசியிருக்கலாம். நாடாவின் காந்தப்பூச்சு உதிர்கிறது, ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கிறது.

உங்கள் வீட்டு அலுமாரியில் ஒன்று கிடந்தால் பழைய ரேடியோவில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா சிக்கி அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். சுத்தம் செய்கிறோம் என்று கூட்டத்தின் இரைச்சலை மட்டும் வெட்டிவிடவேண்டாம். தீர்மானத்துக்கு முன் அந்தக் கூட்டம் மூச்சடக்குவதும் பதிவில் இருக்கிறது.