சபையோருக்கும் ஒரு கடமை உண்டு

நாடகம் பார்க்கச் செல்வோர் மேடையேறி நடிப்பதில்லை. பந்தாட்டம் பார்க்கச் செல்வோர் பந்தை உதைப்பதில்லை. ஆனால், தொலைக்காட்சி வினாவிடைப் போட்டிகளிலே, பார்க்க வந்து அமர்ந்திருக்கும் சபையோருக்கும் ஒரு கடமை உண்டு. அது யாதென்பதைச் சிறிது நோக்குவோம்.

1998ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தின் ஐ.ரி.வி. தொலைக்காட்சியிலே, ‘இலட்சாதிபதியாக விரும்புவோர் யார்?’ எனப் பொருள்படும் பெயருடைய போட்டி தொடங்கியது. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவிற்று. நம் நாட்டின் ‘சிரச லக்ஷபதி’யும், 2012இல் தமிழகத்தில் தொடங்கிய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யும் அதன் வழிவந்தனவே.

அக்கூடத்தின் அமைப்பே கருத்துடையது. நடுவிலே இரண்டு உயர்ந்த நாற்காலிகள். ஒன்றில் வினவுவோர், மற்றதில் விடை கூறுவோர். அவர்களைச் சூழ்ந்து படிப்படியாக உயரும் ஆசனங்களிலே சபையோர் வீற்றிருப்பர். விடை தெரியாது திகைக்கும் போட்டியாளர் ஒருமுறை சபையோரின் துணையை நாடலாம். உடனே ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சிறு கருவியின் பொத்தானை அழுத்தி, நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வர். எந்த விடைக்கு நூற்றுக்கு எத்தனை பேர் என்பது திரையிலே தோன்றும்.

சாதாரண மக்களின் இத்தீர்ப்பு நம்பத்தக்கதோ? அமெரிக்கப் போட்டியை ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் சுரோவீக்கி என்பவர், சபையோர் கூறியவற்றுள் 91 வீதம் சரியாயிருந்தன என்றும், தொலைபேசியில் அழைக்கப்பட்ட அறிஞரான நண்பர்கள் கூறியவற்றுள் ஏறக்குறைய 65 வீதமே சரியாயிருந்தன என்றும் காட்டினார். சபையோரிடம் எளிய வினாக்களே பெரும்பாலும் கேட்கப்பட்டிருத்தல் கூடும். ஆயினும், இதில் ஒரு கணக்கும் உண்டு. நூறு பேருள் இருபதின்மருக்கே விடை தெரியும் என்று கொள்வோம். ஏனைய எண்பதின்மர் குருட்டாம்போக்கில் அழுத்தினால், விடைக்கு இருபது வீதமாக அவர்கள் சிதறிப் போவர். அப்போது சரியான விடைக்கு நாற்பது, மற்றவை ஒவ்வொன்றுக்கும் இருபது! அறியாமை சிதறுகின்றது, அறிவு ஓரிடத்திற் சேர்கின்றது.

ஆனால், இக்கணக்குப் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் அயலவரைப் பாராது தாமே சிந்தித்தல் வேண்டும். ஒருவர் தவறான விடையை உரக்கக் கூறினால், அறியாதோர் அனைவரும் அதன்பாற் சாய்வர். எண்பது பேரும் ஒரே பிழைக்குத் துணை நிற்பர்.

கேளாதபோது வாய் திறவாமையும் சபையோர் கடமையே. 2001 செப்டெம்பரில் சாள்ஸ் இன்கிராம் என்னும் இராணுவ மேஜர் பத்து இலட்சம் பவுண் பரிசை வென்றார். தமது முறைக்காகக் கூடத்திலே காத்திருந்த மற்றொரு போட்டியாளர், சரியான விடை வரும்போதெல்லாம் இருமிக் காட்டினார் என்பது வழக்கு. அவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர் என்பதை, ஆசிரியத் தொழில் புரியும் நாம் வருத்தத்துடனேயே குறிக்கின்றோம். பரிசு வழங்கப்படவில்லை. மேஜரும் அவர் மனைவியும் விரிவுரையாளரும் தாம் குற்றமற்றவர் என்றனர்; ஆயினும் 2003இல் நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்து, ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

பொத்தானை அழுத்துவோரும் உதவுகின்றனர்; இருமுவோரும் உதவுகின்றனர். முன்னது எல்லோரும் அறிய, விதிக்கமைய நிகழ்வது. பின்னது மறைவில் நிகழ்வது. பரீட்சை மண்டபத்தில் அமரும் மாணவர்க்கும், வாக்குச்சாவடிக்குச் செல்லும் பெரியோர்க்கும் இவ்வேறுபாடு பொருந்தும். தாமே சிந்தித்து, கேட்கும்போது நேர்மையாக விடையளிப்போர் நிறைந்த சபையே அறிவுடைய சபையாகும்.